தோடர் கோயில் கூரைப்புல்லும் நீலகிரி மலைப்புல்வெளியும்

நீலகிரி மலையின் மேட்டுநிலச் சதுப்புகளில் வளரும் உயரமான பல்லாண்டுப் புல் ஒன்றைத் தோடர்கள் 'அவ்ஃபுல்' என்று அழைக்கிறார்கள். தாவரவியலில் அதன் பெயர் எரியோகிரிசிஸ் ரங்காச்சாரியை. தோடர்கள் தங்கள் பால்மனைக் கோயில்களுக்குக் கூரை வேய்வது இந்தப் புல்லைக் கொண்டுதான். கூரை பழுதாகும்போது புதிய புல் அறுத்து வேய்ந்தாக வேண்டும். ஆகவே சதுப்பு இருக்கும்வரைதான் புல் கிடைக்கும். புல் கிடைக்கும்வரைதான் கோயில் தன் பழைய வடிவில் நிற்கும்.

இந்தப் புல்லின் வரலாற்றை அது வளரும் மலைப்புல்வெளியின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாது. கடந்த இரு நூற்றாண்டுகளில் அந்தப் புல்வெளி பெருமளவில் சுருங்கிவிட்டது. காடு அழிக்கப்பட்டதைப் போல மரம் வெட்டி அது அழிக்கப்படவில்லை. மரம் நட்டு அழிக்கப்பட்டது. மரமில்லாத நிலம் பயனற்ற நிலம் என்ற எண்ணமே அதற்கு அடிப்படை. அந்த எண்ணம் எப்படி உருவானது, எப்படி நடைமுறைக்கு வந்தது, பின்னர் எப்படித் தவறென்று தெரிந்தது என்பதை இக்கட்டுரை விவரிக்கிறது.

பெயரும் வகைப்பாடும்

'அவ்ஃபுல்' என்ற தோடர் சொல்லின் பின்பகுதி, தமிழில் உள்ள 'புல்' என்ற சொல்லோடு உறவுடையதாகத் தெரிகிறது. தோடர் மொழி தென்திராவிடக் கிளையைச் சேர்ந்தது. புல்லைக் குறிக்கும் சொல் இரு மொழிகளுக்கும் பொதுவானது.

'எரியோகிரிசிஸ்' என்பது கிரேக்கச் சொற்களால் ஆன பேரினப் பெயர். கம்பளி, பொன் என்ற இரு பொருள்கள் அதில் இணைந்துள்ளன. பூங்கொத்தில் அடர்ந்திருக்கும் பொன்னிற மயிர்களால் இந்தப் பெயர் வந்தது. இது கரும்பு அடங்கிய பெரும் புற்குழுவைச் சேர்ந்தது. கரும்புக்குத் தொலைவான உறவு எனலாம். இந்தப் பேரினத்தின் மற்ற இனங்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலும் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலப் பகுதிகளிலும் வளர்கின்றன. தென்னிந்திய மலையுச்சியில் அந்தக் குடும்பத்தின் ஓர் உறுப்பினர் தனித்து வாழ்வது தாவரவியலாளர்களின் கவனத்தை ஈர்த்த ஒன்று.

'ரங்காச்சாரியை' என்ற இனப்பெயர் கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் பணியாற்றிய தாவரவியலாளர் கே. ரங்காச்சாரியாரின் நினைவைத் தாங்குகிறது. அவர் சி. தாடுலிங்க முதலியாருடன் இணைந்து உருவாக்கிய தென்னிந்தியப் புற்கள் பற்றிய கையேடு 1921-இல் வெளிவந்தது. புல்லை இனம் பிரித்து அறிவது கடினம். பூக்காத காலத்தில் பல புற்கள் ஒன்றுபோலவே தோன்றும். அத்துறையில் இந்தியர் ஒருவர் செய்த முன்னோடிப் பணிகளுள் அந்தக் கையேடும் ஒன்று. நீலகிரிப் புல்லுக்கு அறிவியல் பெயர் சூட்டியவர் சி. இ. சி. பிஷர். காம்பிள் தொடங்கிய சென்னை மாகாணத் தாவரக் களஞ்சியத்தை அவருடைய மறைவுக்குப் பின் எழுதி முடித்தவரும் இவரே.

தமிழ் இலக்கண மரபிலும் புல்லுக்குத் தனியிடம் உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல் தாவரங்களைப் புல், மரம் என்று இரண்டாகப் பகுக்கிறது. வயிரம் வெளிப்புறத்தில் இருப்பது புல். உட்புறத்தில் இருப்பது மரம். இந்தப் பகுப்பின்படி மூங்கிலும் பனையும்கூடப் புல்லினத்தில் அடங்குகின்றன. அதில் புல் மரத்தின் குறைவடிவமாகச் சொல்லப்படவில்லை. மரத்துக்கு இணையான வேறொரு வகையாகவே வைக்கப்பட்டுள்ளது. பிற்கால நில ஆவணங்கள் புல்வெளியை நோக்கிய முறையோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாட்டின் முக்கியத்துவம் புரியும்.

வாழிடம்: சோலையும் புல்வெளியும்

நீலகிரியின் மேட்டுநிலம் பெரும்பாலும் கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல் அமைந்தது. அதன் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். மேற்கு விளிம்பில் நிற்கும் முக்கூர்த்தி சிகரம் 2,554 மீட்டர். இந்த உயரத்தில் இயற்கையான நிலத்தோற்றம் இரண்டு பகுதிகளால் ஆனது. மலை மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் குட்டையான, அடர்ந்த, என்றும் பசுமை மாறாத சோலைக்காடுகள் உள்ளன. அவற்றைச் சுற்றிலும் சரிவுகளிலும் முகடுகளிலும் புல்வெளி பரந்து கிடக்கிறது. இரண்டுக்கும் இடையிலான எல்லை கோடு கிழித்ததுபோல் இருக்கும். சோலையின் கடைசி மரத்தை விட்டு ஓரடி வெளியே வைத்தால் புல்வெளி தொடங்கிவிடும்.

புல்வெளி என்று பொதுவாகச் சொன்னாலும் அது ஒரே வகைப் புல்லால் ஆனதன்று. சரிவுகளில் குத்துக்குத்தாக வளரும் கிரைசோபோகன், அருண்டினெல்லா, யூலாலியா, தெமிடா முதலிய பேரினங்களைச் சேர்ந்த புற்கள் உள்ளன. பாறை இடுக்குகளில் வளரும் சிறு புற்கள் வேறு. பள்ளங்களில் நீர் தேங்கி நிற்கும் சதுப்புகளில் வளர்பவை வேறு. அவ்ஃபுல் இந்த மூன்றாம் வகை. அது மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரியது. நீலகிரியின் சதுப்புகளே அதன் முதன்மையான வாழிடம். புற்களுக்கிடையே நிலத்தில் வளரும் ஆர்க்கிடுகளும் பூச்செடிகளும் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியும் சோலையின் நிழலில் வளர்வதில்லை. திறந்த புல்வெளிச் சரிவிலேயே வளர்கிறது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு மேய்வதும் இந்தப் புல்லைத்தான்.

மழை நிறைந்த மலையில் ஏன் எல்லா இடத்திலும் மரம் வளரவில்லை என்ற கேள்வி எழலாம். அதற்கு முக்கியக் காரணம் உறைபனி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தெளிவான இரவுகளில் குளிர்ந்த காற்று பள்ளங்களில் இறங்கித் தேங்கும். தரையை ஒட்டிய வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே செல்லும். திறந்தவெளியில் முளைத்த சோலை மரக்கன்று அதைத் தாங்காமல் கருகிவிடும். சோலைக்குள் இலைக்கூரை வெப்பத்தைக் காப்பதால் அங்கு கன்று பிழைக்கும். புல்லின் வளர்நுனி மண்ணை ஒட்டிப் பாதுகாப்பாக இருப்பதால், மேற்பகுதி கருகினாலும் கோடை மழையில் மீண்டும் துளிர்க்கும். பலத்த காற்று, ஆழமற்ற மண், அவ்வப்போது பரவும் தீ ஆகியவையும் புல்வெளி நிலைப்பதற்குத் துணைசெய்கின்றன.

தோடர் வாழ்வில் புல்

நீலகிரியின் மேட்டுநிலத்தில் தோடர், கோத்தர், படகர் ஆகிய மக்கள் நெடுங்காலமாக ஒருவரையொருவர் சார்ந்து வாழ்ந்துவந்தனர். கோத்தர் இரும்பு வேலையும் மண்பாண்டமும் செய்தனர். படகர் உழவு செய்தனர். தோடர் எருமை வளர்த்தனர். 2011 கணக்கெடுப்பின்படி தோடரின் எண்ணிக்கை ஏறத்தாழ 2,000 மட்டுமே.

தோடர் குடியிருப்பு 'மந்து' எனப்படும். உதகமண்டலம் என்ற பெயரே ஒரு மந்தின் பெயரிலிருந்து வந்தது என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. மந்து அமையும் இடத்தில் மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும்: எருமை மேய புல்வெளி, விறகுக்கும் மரத்துக்கும் சோலை, வற்றாத ஓடை. நீலகிரியின் இயற்கை அமைப்பு இந்த மூன்றையும் அருகருகே கொடுத்தது.

தோடர் சமயத்தின் மையம் எருமையும் பாலும். புனித எருமைகளின் பாலைக் கறந்து பதப்படுத்தும் இடமே கோயில். பால்மனை என்றும் அதைச் சொல்லலாம். கோயில்களில் இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று, பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்தது போன்ற அரைவட்டக் கூரை கொண்டது. மற்றொன்று கூம்பு வடிவக் கூரை கொண்டது. கூம்பு வடிவக் கோயில்கள் மிகச் சிலவே இன்று எஞ்சியுள்ளன. உதகைக்கு அருகில் முத்தநாடு மந்தில் உள்ளது அவற்றுள் நன்கு அறியப்பட்டது. மூங்கிலும் பிரம்பும் கூரையின் எலும்புக்கூடு. அதன்மேல் புல் அடுக்கடுக்காக வேயப்படுகிறது. நீலகிரியின் பருவமழையை ஆண்டுக்கணக்கில் தாங்கும் அளவுக்குக் கூரை தடிமனாக இருக்கும்.

பெண்கள் கோயிலை நெருங்குவதில்லை என்பதால் வேயும் பணியை ஆண்களே செய்கிறார்கள். புல் அறுப்பதும் சுமப்பதும் வேய்வதும் ஒருவரால் முடிகிற வேலை அல்ல. பல மந்துகளின் ஆட்கள் கூடிச் செய்ய வேண்டியது. அதனால் கூரை வேய்தல் சமூகம் ஒன்றுகூடும் நிகழ்வாகவும் இருக்கிறது. அறுக்கப்படும் புல் அடியோடு பிடுங்கப்படுவதில்லை. வேர் நிலத்தில் நிற்கும், அடுத்த மழையில் மீண்டும் தழைக்கும்.

தோடர்களைப் பற்றிய முதல் விரிவான மானுடவியல் நூலை டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்டார். 1930-களில் மொழியியலாளர் எம். பி. எமனோ தோடர் மொழியையும் பாடல்களையும் பதிவுசெய்தார். அப்பாடல்களில் குன்றுகள், ஓடைகள், மந்துகள், எருமைகள் ஆகியவற்றின் பெயர்கள் நிறைந்துள்ளன. வெளியிலிருந்து வந்தவர்களுக்கு வெறும் புல்தரையாகத் தெரிந்த நிலம், தோடருக்கு ஒவ்வோர் அடியும் பெயருள்ள நிலமாக இருந்தது.

வெளியார் பார்வையில் புல்வெளி

நீலகிரிக்கு ஏறி எழுத்துக் குறிப்பு விட்டுச்சென்ற முதல் ஐரோப்பியர் ஜாகோம் ஃபெனிசியோ என்ற இயேசு சபைப் பாதிரியார். அவர் 1603-இல் மேற்குக் கடற்கரையிலிருந்து மலையேறித் தோடரையும் படகரையும் சந்தித்தார். அதன்பின் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஐரோப்பியர் அங்கு பெரிதாகக் கால்வைக்கவில்லை. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறினார். சில ஆண்டுகளில் உதகையில் கல்வீடு கட்டினார். அதைத் தொடர்ந்து சாலை, குடியிருப்பு, தோட்டங்கள் என மலைவாழ் நகரம் உருவானது.

மரமற்ற பசும்சரிவுகள் ஆங்கிலேயருக்குத் தங்கள் நாட்டின் புல்மேடுகளை நினைவூட்டின. உதகைக்கு மேற்கே உள்ள பரப்பொன்று பின்னர் ஆளுநர் வென்லாக்கின் பெயரால் வென்லாக் டவுன்ஸ் எனப்பட்டது. அங்கு அவர்கள் குதிரையேறி வேட்டை நடத்தினார்கள். ஆனால் நிலத்தை ரசித்ததும் நிலத்தின் உரிமையை ஏற்றதும் ஒன்றல்ல. மலையின் உடைமை தோடருக்கே என்ற கருத்தைச் சல்லிவன் ஆதரித்தார். அவருக்கு மேலிருந்த அதிகாரிகள் சிலர் அதை மறுத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அரசின் நிலைப்பாடு தெளிவாகிவிட்டது: தோடருக்கு இருப்பது மேய்ச்சல் உரிமை மட்டும், மந்தைச் சுற்றி வரையறுத்த நிலம் தவிர மற்றவை அரசுக்குரியவை.

உழவும் வேலியும் இல்லாத நிலம் யாருக்கும் சொந்தமற்றது என்ற கருத்து இதன் பின்னணியில் இருந்தது. ஆண்டில் சில மாதங்கள் மட்டும் எருமைகள் வந்து மேய்ந்து செல்லும் நிலத்தை அந்தக் கணக்கில் சேர்க்க வழியில்லை. வருவாய்க் கண்ணோட்டத்தில் புல்வெளி 'தரிசு' ஆனது. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தபின் பெரும்பகுதி ஒதுக்கப்பட்ட காடுகளின் எல்லைக்குள் சென்றது. கோடையில் முதிர்ந்த புல்லை எரித்து இளந்தளிர் வரச்செய்யும் தோடர் வழக்கம் குற்றமாகக் கருதப்பட்டது.

மரம் நடப்பட்ட வரலாறு

உதகை வளர்ந்தபோது விறகுத் தேவை பெருகியது. குளிர்காலத்தில் ஒவ்வொரு பங்களாவிலும் கணப்பு எரிய வேண்டியிருந்தது. படைவீரர் குடியிருப்புகளுக்கும் விறகு தேவைப்பட்டது. அருகிலிருந்த சோலைகள் வெட்டப்பட்டன. மெதுவாக வளரும் சோலை மரங்களால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. தீர்வாக ஆஸ்திரேலியாவிலிருந்து விரைவில் வளரும் மரங்கள் கொண்டுவரப்பட்டன. 1840-களில் யூகலிப்டஸும் அக்கேசியா வகை மரங்களும் நீலகிரியில் அறிமுகமாயின. யூகலிப்டஸை மலைவாசிகள் கற்பூர மரம் என்றும், ஆஸ்திரேலிய அக்கேசியாவைச் சீகை என்றும் அழைக்கிறார்கள். 1860-களில் உதகையைச் சுற்றி அரசே விறகுத் தோட்டங்களை உருவாக்கியது.

சோலையைக் காப்பதற்காக நடப்பட்ட அந்த மரங்கள் நடப்பட்ட இடம் புல்வெளி. சோலையின் மதிப்பு அன்றே உணரப்பட்டிருந்தது. புல்லின் மதிப்பு உணரப்படவில்லை. ஒரு பாதியைக் காக்க மறுபாதி கொடுக்கப்பட்டது. சின்கோனாவும் தேயிலையும் பின்னர் உருளைக்கிழங்கும் மேலும் பரப்பைப் பிடித்தன. அலங்காரச் செடியாகக் கொண்டுவரப்பட்ட ஸ்காட்ச் புரூம் என்ற மஞ்சள்பூப் புதரும் தோட்டத்தைவிட்டு வெளியேறிப் புல்வெளியில் பரவியது.

ஆயினும் பெரும் இழப்பு ஆங்கிலேயர் காலத்தில் நிகழவில்லை. விடுதலைக்குப் பிந்தைய பத்தாண்டுகளில்தான் நடவு பெருந்திட்டமானது. தோல் பதனிடும் தொழிலுக்குச் சீகைப் பட்டை தேவைப்பட்டது. செயற்கை இழைக்கும் காகிதத்துக்கும் மரக்கூழ் தேவைப்பட்டது. வெளிநாட்டு இறக்குமதியைக் குறைப்பது அன்றைய தேசியக் குறிக்கோள். 'வெறுமனே கிடக்கும்' மலைச்சரிவில் மரம் வளர்ப்பதை யாரும் தவறாகக் கருதவில்லை. நீலகிரியிலும் பழனி மலையிலும் சரிவு சரிவாகச் சீகையும் கற்பூர மரமும் பைனும் நடப்பட்டன.

அதே காலத்தில் நீர்மின் திட்டங்களும் வந்தன. பைக்காரா மின்நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. விடுதலைக்குப் பின் குந்தா திட்டத்தின்கீழ் அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி, பார்சன்ஸ் வேலி, போர்த்திமந்து முதலிய நீர்த்தேக்கங்கள் உருவாயின. தமிழ்நாட்டுத் தொழில் வளர்ச்சிக்கு அந்த மின்சாரம் பெரிதும் உதவியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அணை நீர் தேங்குவது பள்ளத்தில். சதுப்பு இருப்பதும் பள்ளத்தில். அவ்ஃபுல் வளரக்கூடிய தாழ்வான ஈரநிலங்கள் பல நீருக்குள் சென்றன. போர்த்திமந்து என்ற அணையின் பெயரிலேயே ஒரு மந்தின் பெயர் இருக்கிறது.

சரிவில் நடப்பட்ட மரங்களும் சதுப்பைப் பாதித்தன. உதகையில் உள்ள மத்திய மண்வள ஆராய்ச்சி மையத்தின் அறிவியலாளர்கள் கிளென்மார்கனில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டு நெடுங்கால ஆய்வு நடத்தினார்கள். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றொன்றின் பெரும்பகுதியில் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில், மரம் நடப்பட்ட பகுதியிலிருந்து கிடைத்த நீர் சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. மரம் மண்ணிலிருந்து உறிஞ்சி இலைவழி வெளியேற்றும் நீரின் அளவு, குட்டையான புல் வெளியேற்றுவதைவிட மிகுதி என்பதே காரணம். பவானியும் மோயாறும் இந்த மேட்டுநிலத்தில் நீர் பெறுகின்றன. ஆகவே மலைப்புல்லின் கதை சமவெளி உழவரின் கதையும் ஆகும்.

புல்வெளி இயற்கையானதா என்ற விவாதம்

நடவுக்குத் துணைநின்றது ஓர் அறிவியல் கருத்தும்கூட. மழை மிகுந்த மலையில் இயற்கையாக இருக்க வேண்டியது காடே. மனிதர் வெட்டியும் எரித்தும் மேய்த்தும் காட்டைப் புல்வெளியாக்கிவிட்டனர் என்று சிலர் கருதினர். 1938-இல் இந்த விவாதம் இந்திய வனவியலாளரிடையே வெளிப்படையாக நடந்தது. என். எல். போர் தீயும் மேய்ச்சலும்தான் புல்வெளியை நிலைநிறுத்துகின்றன என்றார். சி. ஆர். ரங்கநாதன் வேறுவிதமாக வாதிட்டார். சோலையும் புல்வெளியும் இரண்டுமே தத்தம் இடத்தில் முழுமை பெற்ற இயற்கை அமைப்புகள். உறைபனிதான் மரத்தைப் புல்வெளிக்குள் வரவிடாமல் தடுக்கிறது என்பது அவர் முடிவு.

இந்த விவாதத்தில் யார் சொல்வது சரி என்பதற்கேற்ப நடைமுறையும் மாறும். புல்வெளி மனிதர் கெடுத்த காடு என்றால் அங்கே மரம் நடுவது பரிகாரம். புல்வெளி தானே உருவான ஒன்று என்றால் மரம் நடுவது அழிவு. மேய்ப்பவரைக் குற்றவாளியாகக் காண்பதா, காவலராகக் காண்பதா என்பதும் இதையே பொறுத்தது.

விடை சதுப்பிலிருந்தே வந்தது. நீலகிரியின் சதுப்புகளில் முழுமையாக மக்காத தாவர எச்சங்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து பீட் எனப்படும் கருமண்ணாக உள்ளன. அந்த அடுக்குகளில் இருக்கும் கார்பன் ஐசோடோப்புகளின் விகிதத்தைக் கொண்டு, எந்தக் காலத்தில் எவ்வகைத் தாவரங்கள் மிகுந்திருந்தன என்று கணிக்கலாம். வெப்பமண்டலப் புற்களுள் பல சி-4 எனப்படும் முறையில் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. மரங்கள் சி-3 முறையில் செய்கின்றன. இரண்டும் மண்ணில் வெவ்வேறு வேதித்தடத்தை விட்டுச்செல்கின்றன. ஆர். சுகுமார், ஆர். ரமேஷ், ஆர். கே. பந்த், ஜி. ராஜகோபாலன் ஆகியோர் 1993-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, கடந்த 20,000 ஆண்டுகளின் தட்பவெப்ப மாற்றங்களை இம்முறையில் கண்டறிந்தது. வறண்ட பனியுகக் காலத்தில் சி-4 புற்கள் ஓங்கியிருந்தன. ஈரம் மிகுந்த காலங்களில் சி-3 தாவரங்கள் பெருகின. பிற்கால ஆய்வுகள் இந்த வரலாற்றை ஏறத்தாழ 40,000 ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கொண்டுசென்றன.

தோடரின் எருமைகள் மலையில் மேயத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே அங்கு புல் இருந்தது என்பது இதனால் உறுதியானது. சோலைக்கும் புல்வெளிக்கும் இடையிலான எல்லை காலந்தோறும் முன்னும் பின்னும் நகர்ந்திருக்கலாம். தீயும் மேய்ச்சலும் அதில் பங்கு வகித்திருக்கலாம். ஆனால் புல்வெளி காட்டின் அழிவுச்சின்னம் அன்று.

இழப்பின் அளவு

செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வுகள் இழப்பின் அளவைத் தெளிவாக்கியுள்ளன. 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, பழனி மலையின் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டுகளுக்குள் மரத்தோட்டங்களாகவும் வேளாண் நிலமாகவும் மாறிவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப்பகுதிகள் முழுவதையும் எடுத்துக்கொண்ட மற்றோர் ஆய்வு, 1973-க்கும் 2017-க்கும் இடையில் அயல் மரங்களின் பரவலால் ஏறத்தாழ 340 சதுர கிலோமீட்டர் புல்வெளி, அதாவது 23 சதவீதம், மறைந்ததாகக் கணக்கிட்டது.

இவற்றில் ஒரு பகுதி மட்டுமே நட்டதால் நேர்ந்தது. மீதி தானாகப் பரவியதால் நேர்ந்தது. சீகையின் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் முளைக்கும் திறனுடன் கிடக்கும். மரத்தை வெட்டினாலோ தீப்பற்றினாலோ விதைகள் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் முளைக்கும். 1980-களின் பிற்பகுதிக்குப் பின் புதிய நடவுகள் கைவிடப்பட்ட பிறகும் சீகையின் பரப்பு விரிந்துகொண்டே இருப்பது இதனால்தான். அதன் நிழலில் சூரிய ஒளி விரும்பும் புல் வளர்வதில்லை.

பாதுகாப்பும் மீட்பும்

நீலகிரியின் தென்மேற்கு மூலையில் ஓரளவு முழுமையான புல்வெளி எஞ்சியுள்ளது. வரையாட்டைக் காக்கும் நோக்கில் அப்பகுதி 1982-இல் சரணாலயமாகவும் 1990-இல் முக்கூர்த்தி தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 78.46 சதுர கிலோமீட்டர். 1986-இல் அமைந்த நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின் பகுதியாகவும் அது உள்ளது. 2012-இல் யுனெஸ்கோ அறிவித்த மேற்குத் தொடர்ச்சி மலை உலக மரபிடத்திலும் அது அடங்கும்.

2022-இல் தமிழ்நாடு அரசு அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது. அதே ஆண்டில் வரையாட்டுத் திட்டமும் 25.14 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் அறிவிக்கப்பட்டது. வரையாட்டின் வாழிடமான புல்வெளியை மீட்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று.

மீட்புப் பணி சீகையை வெட்டுவதோடு முடிவதில்லை. முளைக்கும் கன்றுகளை ஆண்டுதோறும் கையால் பிடுங்க வேண்டும். பூர்வீகப் புல்லின் குத்துகளைப் பிரித்து நாற்றங்காலில் வளர்த்து நட வேண்டும். புல்லை விதையிலிருந்து வளர்ப்பதைவிட வேர்க்குத்தைப் பிரித்து நடுவது எளிது. எல்லா இடத்திலும் ஒரே முறை பொருந்தாது என்ற எச்சரிக்கையும் ஆய்வாளர்களிடம் உண்டு. முதிர்ந்த சீகைத் தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலை மரக்கன்றுகள் வளரத் தொடங்கியுள்ளன. அங்கே சீகையை ஒரேயடியாக வெட்டினால் அந்தக் கன்றுகளும் போய்விடும். ஆகவே ஊடுருவல் புதிதாகத் தொடங்கியுள்ள புல்வெளி ஓரங்களைக் காப்பதற்கே முதலிடம் தர வேண்டும் என்பது பலர் கருத்து.

தோடரின் அறிவு இதில் பயன்படத்தக்கது. உதகையில் பல் மருத்துவராகப் பணியாற்றும் தருண் சாப்ரா நெடுங்காலம் தோடருடன் பழகி, அவர்களுடைய தாவர அறிவையும் புனித இடங்களையும் பதிவுசெய்து 2015-இல் நூலாக வெளியிட்டார். எந்தப் புல் எந்தச் சடங்குக்கு உரியது, எது எந்த மாதத்தில் பூக்கும், எந்தச் சதுப்பில் எது கிடைக்கும் என்ற அறிவு, எருமை மேய்த்தும் கோயில் வேய்ந்தும் வாழ்ந்த தலைமுறைகளிடம் இருந்தது. பெரும்பாலான தோடர் குடும்பங்கள் இன்று கான்கிரீட் வீடுகளில் வசிக்கின்றன. எருமைகளின் எண்ணிக்கையும் குறைந்துவிட்டது. கோயில் கூரை ஒன்றே அவர்களை இன்னமும் சதுப்புக்கு அழைத்துச் செல்லும் கட்டாயக் காரணமாக இருக்கிறது.

வரலாற்று முக்கியத்துவம்

அவ்ஃபுல்லின் வரலாறு ஒரு சொல்லின் விளைவைக் காட்டுகிறது. நீலகிரிப் புல்வெளியை 'தரிசு' என்று எழுதியது முதலில் ஒரு வருவாய்க் கணக்கு. அந்தச் சொல் சட்டமாகி, திட்டமாகி, தோட்டமாகி நிலத்தின் உருவத்தையே மாற்றியது. புல்வெளியை அழித்தவர்களில் பலர் நாட்டுக்கு நன்மை செய்வதாகவே நம்பினார்கள். சிலர் சோலையைக் காப்பதாகவும் நம்பினார்கள். இன்றும் இந்தியாவின் தரிசுநில வரைபடங்களில் இயற்கையான திறந்த புல்நிலங்கள் பல இடம்பெறுகின்றன. மரம் நடுவது எங்கும் நன்மையே என்ற எண்ணமும் பள்ளிப் பாடம் முதல் அரசுத் திட்டம் வரை வலுவாக உள்ளது. எங்கே நடுவது, அங்கே ஏற்கெனவே இருப்பது என்ன என்று கேட்கப் பழகுவதே நீலகிரி கற்றுத்தரும் பாடம்.

முத்தநாடு மந்தின் கூம்புக் கோயிலைப் பார்க்கச் செல்பவர்கள் பொதுவாக அதன் வடிவத்தை வியக்கிறார்கள். அந்தக் கூரைக்கு வேண்டிய புல் எந்தச் சதுப்பிலிருந்து வந்தது, அடுத்த முறை எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கான விடை கோயிலில் இல்லை. அது மேலே, நீர் தேங்கும் ஏதோ ஒரு பள்ளத்தில் இருக்கிறது.